திடப்படுத்தல்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

குழந்தையிலேயே எனக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். பேராயர் தலையில் கைவைத்து ஜெபித்து, ஞானஸ்நானம் பெற்றவரை விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் திடப்படுத்தல் சடங்குக்கு மட்டும் நான் போகவில்லை. இப்போது முப்பத்திரண்டு வயது. அம்மா வற்புறுத்துகிறார். விசுவாசத்தில் திடமில்லாதவன் பேராயர் முன் முழங்காலிடுவது வேஷமல்லவா? இதற்கு வேதத்தில் ஆதாரம் உண்டா?

டி.

அன்புள்ள டி.,

அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். சமாரியாவில் ஞானஸ்நானம் பெற்றிருந்தவர்கள்மேல் பேதுருவும் யோவானும் கைகளை வைக்கிறார்கள். அந்தக் கைவைப்புதான் இன்றைய திடப்படுத்தலா என்பது பழைய சண்டை. சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் திடப்படுத்தலைச் சாக்கிரமெந்தாகவே, அதாவது கிறிஸ்து ஏற்படுத்திய அருட்சடங்காகவே, ஏற்கவில்லை. அதை விட்டுவிடுவோம்.

என்னைச் சீண்டியது ‘திடமில்லாதவன்’ என்ற உங்கள் சொல். தமிழை ஒழுங்காகப் படியுங்கள் ஐயா. சடங்கின் பெயர் திடப்படுதல் இல்லை, திடப்படுத்தல். செய்பவர் வேறொருவர். கொம்பு ஊன்றுவது கன்றுக்குத்தானே, வளர்ந்த மரத்துக்கா? 1662ஆம் ஆண்டின் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில், கைவைக்கும் பேராயர் ‘இந்தப் பிள்ளை’ நாளுக்கு நாள் ஆவியில் பெருக வேண்டும் என்றுதான் மன்றாடுகிறார். பெருகி முடித்தவனுக்கு அந்த ஜெபம் எதற்கு? ஆர்த்தடாக்ஸ் போன்ற கீழைத் திருச்சபைகளிலோ ஞானஸ்நானம் முடிந்த கையோடு கைக்குழந்தைக்கே தைலம் பூசித் திடப்படுத்திவிடுகிறார்கள். அந்தக் குழந்தையிடம் போய் உன் விசுவாசம் திடமா என்று கேளுங்களேன்!

ஆனால் முழங்காலிடுமுன் பேராயர் கேட்பார்: உனக்காக அன்று மற்றவர்கள் கொடுத்த வாக்கை நீ ஏற்கிறாயா? அதற்குப் பொய் சொல்லாதீர்கள். ஏற்க விரும்புகிறவன் சந்தேகத்தோடும் ஏற்கலாம்.

எங்கள் ஆயத்த வகுப்பில் பத்துக் கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தவன் நான். அர்த்தம்? ஒரு வரிகூடத் தெரியாது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனுக்குத் திக்குவாய். பிரமாணத்தில் ‘விசுவாசிக்கிறேன்’ என்ற சொல் வந்ததும் நின்றுவிடுவான். வி, வி, வி... நாங்கள் சிரித்தோம், நானும்தான். அடுத்த வருஷம் தயாராகி வா என்று வகுப்பு நடத்தியவர் அனுப்பிவிட்டார். அந்தச் சொல்லுக்காக அவன் பட்ட பாட்டில் பத்தில் ஒரு பங்குகூட நான் பட்டதில்லை. பேராயரின் கை என் தலையில் பட்டபோது நான் நினைத்தது, தலைக்கு வைத்த எண்ணெய் அதிகமாகிவிட்டதே, கையைத் துடைத்துக்கொள்வாரோ என்று.

அவன் அடுத்த வருஷம் வரவில்லை. அதற்கடுத்த வருஷமும் வரவில்லை.

உங்கள் அம்மா வற்புறுத்துவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதை அவரிடமே பேசிக்கொள்ளுங்கள்.