வேகமாக எழுதியவர் எழுத்தாளர் இல்லையா?

கேள்வி: ஹாங்காங்கின் நி குவாங் முன்னூறுக்கும் மேல் திரைக்கதைகள் எழுதியிருக்கிறாராம், நாவல்கள் அது தனிக்கணக்காம். இப்படி எழுதித் தள்ளினால் அதில் இலக்கியம் எங்கே இருக்கும்? இவரையெல்லாம் எழுத்தாளர் என்று கொண்டாட வேண்டுமா?

பதில்: அவர் எழுதியதில் எதைப் படித்தீர்கள் என்று கேட்கப்போவதில்லை. எண்ணிக்கையை மட்டும்தான் படித்திருக்கிறீர்கள் என்பது கேள்வியிலேயே தெரிகிறது. சரி, மனிதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

1935-இல் ஷாங்காயில் பிறந்தவர். பதினாறு வயதில் சீனாவின் கம்யூனிஸ்ட் புரட்சியை நம்பி அரசுப் பணியில் சேர்ந்து, உள் மங்கோலியா வரை போனார். அங்கே ஒரு கடுங்குளிர்காலத்தில் எரிக்க நிலக்கரி இல்லாமல், உறைந்து கிடந்த ஆற்றின் மேலிருந்த மரப்பாலத்தைப் பிரித்து அடுப்பில் போட்டார்கள். குளிர் காய்ந்ததற்கு வந்த பட்டம் ‘எதிர்ப்புரட்சியாளர்’. விசாரணை முடியும் வரை காத்திருக்காமல் தப்பி ஓடி, 1957-இல் ஹாங்காங் வந்து சேர்ந்தார். கூலி வேலை செய்துகொண்டே ஒரு கதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பினார். சீனாவில் நிலக்கிழார்களின் நிலத்தைப் பறித்துப் பங்கிட்ட நிலச் சீர்திருத்தக் காலத்துக் கொடுமையைப் பற்றிய கதை, தலைப்பு ‘உயிரோடு புதைத்தல்’. அது அச்சானது, காசும் வந்தது. கையில் வேறு தொழில் இல்லாத ஓர் அகதிக்குப் பேனாதான் பிழைப்பு என்று அன்றே முடிவாகிவிட்டது.

அந்த நகரத்தில் அன்று எழுத்து எப்படி நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாளிதழ்களில் தினமும் தொடர்கதை வரும். இன்றைய பகுதி போகாவிட்டால் நாளைய பத்திரிகையில் அந்த இடம் காலி. ஒரே சமயத்தில் பல பத்திரிகைகளுக்குப் பல கதைகளை ஓட்டியவர்கள் அங்கே நிறையப் பேர். வாள்வீரக் கதைகளால் பேர்பெற்ற நாவலாசிரியர் ஜின் யோங் நடத்திய ‘மிங் பாவ்’ நாளிதழில் 1960-களின் தொடக்கத்தில் நி குவாங் ஆரம்பித்ததுதான் வைஸ்லி என்ற சாகசக்காரனின் தொடர். அது விஞ்ஞானப் புனைகதையாக மாறி நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்களாக வளர்ந்தது. குறை உண்டா? நிறைய உண்டு. அட்டகாசமாக ஒரு மர்மத்தைக் கட்டுவார், கடைசியில் வேற்றுக்கிரகவாசி வந்து எல்லாவற்றுக்கும் விளக்கமாக நிற்பார். பத்துக் கதை படித்தவனுக்குப் பதினொன்றாவதன் முடிவு தெரிந்துவிடும். எழுதியதைத் திரும்ப எடுத்துச் செதுக்கும் பழக்கமும் அவருக்கு இல்லை.

ஆனால் அதே ஆள்தான் 1980-களில் ‘டிராகனைத் துரத்தி’ என்ற வைஸ்லி நாவலை எழுதினார். கிழக்கே ஒரு மாநகரம் அழியப்போகிறது. நிலநடுக்கம் வேண்டாம், வெள்ளம் வேண்டாம், ஒரு கட்டடம்கூட இடிய வேண்டாம். அந்த ஊரை ஊராக வைத்திருக்கும் நல்ல அம்சங்களை எடுத்துவிட்டால் போதும், நகரம் செத்துவிடும் என்கிறது கதை. 2019-இன் ஜனநாயகப் போராட்டங்களுக்குப் பிறகு ஹாங்காங்வாசிகள் அந்தப் பக்கங்களைத் தேடிப் படித்தார்கள். எந்த அம்சம் என்று கேட்டபோது, சுதந்திரம் என்றார் அவர். நீங்கள் தேடும் இலக்கியம் இதில் இல்லை என்றால் வேறு எங்கே இருக்கிறது என்று எனக்கும் எழுதுங்கள்.

சினிமா தனிக் கதை. ஷா பிரதர்ஸ் ஸ்டுடியோவில் இயக்குநர் சாங் செவுடன் கூட்டணி. 1967-இல் வந்த ‘ஒற்றைக் கை வாள்வீரன்’ பத்து லட்சம் ஹாங்காங் டாலர் வசூலித்துப் பேர் வாங்கியது. 1978-இன் ‘ஷாவோலினின் 36-வது அறை’யும் இவர் எழுதியதே. ‘ஃபிஸ்ட் ஆஃப் ஃப்யூரி’யில் ப்ரூஸ் லீ நடித்த சென் சென் பாத்திரம் இவருடைய படைப்பு என்று ஹாங்காங் சினிமா ஏற்றுக்கொண்டிருக்கிறது, படத்தில் பெயர் இல்லாவிட்டாலும். அந்தப் படத்தை டூரிங் டாக்கீஸில் பார்த்த நம் ஆட்கள் பலருக்கு இவர் பெயரே தெரியாது. இதற்கெல்லாம் சேர்த்து 2012-இல் ஹாங்காங் திரைப்பட விருது விழாவில் வாழ்நாள் சாதனையாளர் விருது கொடுத்தார்கள்.

எனக்குப் பிடித்தது 1965-இல் நடந்த ஒன்று. ஜின் யோங் ஐரோப்பா கிளம்பினார். ஓடிக்கொண்டிருந்த அவருடைய மாபெரும் தொடர்கதையைத் தான் திரும்பும் வரை எழுதச் சொல்லி நி குவாங்கிடம் விட்டுப்போனார். யாரையும் சாகடித்துவிடாதே என்று நிபந்தனை வேறு. இவர் சாகடிக்கவில்லை. ஆ சி என்ற பெண் பாத்திரத்தை இவருக்குப் பிடிக்காது, அதனால் அவள் கண்களைக் குருடாக்கிவிட்டார்! திரும்பி வந்த ஜின் யோங் கத்தவில்லை. அந்தக் குருட்டுத்தனத்தையே பிடித்துக்கொண்டு, அவளைக் காதலிப்பவன் தன் கண்களைக் கொடுக்கும் கட்டத்தை எழுதினார். புத்தகமானபோது நண்பர் எழுதிய பகுதி பெரும்பாலும் போய்விட்டது, குருடு மட்டும் நின்றது. ‘பலமுறை சாங் செவுக்குத் திரைக்கதை, ஒருமுறை ஜின் யோங்குக்குப் பதிலாக நாவல்’ என்று தன்னைப் பற்றி ஈரடி எழுதிக்கொண்டவர் நி குவாங். தற்பெருமையும் தற்கேலியும் இப்படி ஒரே மூச்சில் வருவது அபூர்வம்.

அப்புறம் ஒரு தகவல். தங்கை யி ஷுவும் எழுத்தாளர்தான், காதல் நாவல்களில் அண்ணனுக்குச் சளைக்காத வேகம். அவரையும் நிராகரிக்க வேண்டுமானால் தனிக் கடிதம் போடுங்கள்.

எழுத்துக்கான ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது என்று சொல்லி 2004-இல் வைஸ்லி தொடரை முடித்துக்கொண்டார். 2022 ஜூலையில் இறக்கும் வரை அடுத்த நாவல் வரவில்லை.