குரூப் 4: எந்தத் துறை என்று முதலில் கேளுங்கள்

கேள்வி: தமிழ்நாடு அரசின் குரூப் 4 தேர்வு எழுதினேன். இளநிலை உதவியாளர் பணிக்கான கலந்தாய்வுக்கு அழைப்பு வந்திருக்கிறது. இப்போது தனியார் நிறுவனத்தில் 34 ஆயிரம் கைக்கு வருகிறது. வீட்டில் “கவர்மென்ட் வேலை, கண்ணை மூடிக்கொண்டு சேர்” என்கிறார்கள். நண்பர்களோ “அங்கே போனால் வளர்ச்சியே கிடையாது” என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: சேருங்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு சேராதீர்கள். இரண்டு தரப்புமே ஒரு முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டுப் பேசுகிறது. கலந்தாய்வில் நீங்கள் தேர்ந்தெடுக்கப்போவது ஒரு துறையை. வளர்ச்சி உண்டா இல்லையா என்பது பாதிக்குமேல் அங்கேயே முடிவாகிவிடும். வீட்டுக்குப் பக்கம் என்ற ஒரே காரணத்துக்காகச் சின்னத் துறையை எடுத்துவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள் நிறைய. மேலே உதவியாளர், கண்காணிப்பாளர் பணியிடங்கள் விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்தால், முன்னால் இருப்பவர் ஓய்வு பெறும்வரை உங்கள் பெயர் பதவி உயர்வுப் பட்டியலில் (பேனல்) ஏறாது. வருவாய்த் துறையில் உதவியாளர், துணை வட்டாட்சியர், வட்டாட்சியர் என்று படிகள் இருக்கின்றன. பதிவுத் துறையில் சார்பதிவாளர் ஆகலாம். வேலைப் பளுவும் அதற்கேற்ப உண்டு. வெள்ளம், தேர்தல் என்று வந்துவிட்டால் வருவாய்த் துறைக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

சம்பளத்தைப் பார்ப்போம். தொடக்க அடிப்படைச் சம்பளம் 19,500. 2025 ஜூலை முதல் கணக்கிட்ட 58 சதவீத அகவிலைப்படியைச் சேர்த்தால் 30,810. வீட்டு வாடகைப்படி ஊரைப் பொறுத்துச் சிறிது கூடும். ஓய்வூதியத்துக்கென 10 சதவீதம், அதாவது 3,081 ரூபாய், மாதாமாதம் போய்விடும். ஆக, இப்போது வாங்குவதைவிடக் குறைவாகத்தான் கைக்கு வரும். முதல் இன்கிரிமெண்ட் 600 ரூபாய். ஆண்டுக்கு இருமுறை ஏறும் அகவிலைப்படிதான் தாங்கிப் பிடிக்கும். உங்கள் பெயரில் கடன் தவணை இருந்தால் இந்தக் கணக்கை இப்போதே போட்டுவிடுங்கள்.

“பென்ஷன் உண்டு” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது அவர்கள் காலத்துப் பென்ஷன். 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்தவர்களுக்கு அது கிடையாது. ஊழியரும் தன் பங்குக்குப் பணம் கட்டும் பங்களிப்புத் திட்டம்தான் வந்தது. கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதியை உறுதி செய்யும் திட்டத்தை 2026 ஜனவரியில் அரசு அறிவித்தது. அதிலும் ஊழியரின் 10 சதவீதப் பங்கு உண்டு. உங்கள் நியமனத்துக்கு எந்தத் திட்டம் பொருந்தும் என்பதை ஆணையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

சேர்ந்த பிறகுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். தகுதிகாண் பருவம், தொடர்ச்சியான மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஆண்டு பணி. பவானிசாகரில் உள்ள அரசுப் பயிற்சி நிலையத்தில் அடிப்படைப் பயிற்சியை முடித்தாக வேண்டும். பதவி உயர்வுக்குத் தேவையான துறைத் தேர்வுகளை அரசுப் பணியாளர் தேர்வாணையம் மே, டிசம்பர் என ஆண்டுக்கு இருமுறை நடத்துகிறது. சார்நிலை அலுவலர் கணக்குத் தேர்வு, அலுவலக நடைமுறை நூல் தேர்வு, துறைக்கென உள்ள மற்றத் தேர்வுகள் எல்லாவற்றையும் முதல் இரண்டு ஆண்டிலேயே எழுதி முடித்துவிடுங்கள். “அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்” என்று தள்ளிப்போட்டவருக்குப் பின்னால் சேர்ந்தவர், அவருக்கு மேலே உதவியாளர் பதவியில் வந்து உட்காருவது பல அலுவலகங்களில் நடப்பதுதான்.

வேலை பறிபோகாது என்பதும் அரை உண்மை. அரசியல் சட்டத்தின் 311-வது பிரிவு உங்களுக்குத் தருவது விசாரணையில் விளக்கம் சொல்லும் வாய்ப்பு. கோப்பில் நீங்கள் போடும் சுருக்கொப்பத்துக்குப் பத்தாண்டு கழித்தும் பதில் சொல்ல வேண்டி வரலாம். 17பி (கடும் தண்டனைக்கான ஒழுங்கு விதி) குற்றச்சாட்டு நிலுவையில் இருந்தால் பதவி உயர்வு நின்றுவிடும். சஸ்பெண்ட் ஆனால் பிழைப்பூதியமாகத் தொடக்கத்தில் பாதிச் சம்பளம்தான். வாய்மொழி உத்தரவை நம்பிக் குறிப்பு எழுதாதீர்கள். “மேலதிகாரியின் அறிவுரைப்படி” என்று தேதியோடு கோப்பில் பதிவு செய்யுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சேருங்கள் என்று சொல்லக் காரணம், 60 வயதுவரை மாதச் சம்பளம் நிற்காது என்பது சாதாரணக் குடும்பத்துக்கு மிகப் பெரிய பலம். பெண் ஊழியர்களுக்குச் சம்பளத்தோடு 12 மாத மகப்பேறு விடுப்பு கிடைப்பது தனியாரில் நினைத்துப் பார்க்க முடியாதது. பதவி உயர்வே வராவிட்டாலும் பத்தாம் ஆண்டில் தேர்வு நிலை, இருபதாம் ஆண்டில் சிறப்பு நிலை என்று சம்பள உயர்வு உண்டு.

பகுதிநேர வியாபாரம் ஏதும் செய்துகொண்டிருந்தால் நடத்தை விதிகள் அதற்கு இடம் தராது. சேரும் முன் முடித்துவிடுங்கள். இப்போதைய வேலையைச் சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்ததுமே விட்டுவிடாதீர்கள். நியமன ஆணை கைக்கு வந்த பிறகு ராஜினாமா கொடுங்கள். நோட்டீஸ் காலம் நீளமென்றால் சேர அவகாசம் கேட்டு அன்றே எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்கிவிடுங்கள்.