பப்பில் பங்கு வாங்கலாமா?

கேள்வி: யார்க்‌ஷயரில் ஒரு சின்ன கிராமத்தில் இருக்கிறோம். சொந்த ஊர் திருச்சிப் பக்கம். இங்கே கடையும் தபால் நிலையமும் ஏற்கெனவே போய்விட்டன. மிஞ்சியிருந்த ஒரே பப்பையும் இப்போது மூடிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் சேர்ந்து அதை விலைக்கு வாங்கப் போகிறார்களாம். என்னையும் 500 பவுண்டுக்குப் பங்கு எடுக்கச் சொல்கிறார்கள், கமிட்டிக்கும் கூப்பிடுகிறார்கள். எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. “சாராயக்கடையில் பங்கா?” என்று மாமியார் போனில் கோபப்படுகிறார். இதனால் ஊருக்கு நிஜமாகவே நன்மை உண்டா? பணம் போடலாமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மாமியாரின் கோபம் நியாயமானது. தமிழ்நாட்டில் 2003 முதல் மதுக்கடைகளை நடத்துவது டாஸ்மாக். அந்தக் கடையை ஒட்டிய பாருக்குள் போகிறவருக்குக் குடிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. பெண்கள் அந்த வழியே போகாமல் சுற்றிப் போவார்கள். அதைப் பார்த்தே பழகியவருக்கு, மருமகள் பப்பில் பங்கு வாங்குகிறாள் என்றால் திக்கென்றுதான் இருக்கும்.

ஆனால் இங்கிலாந்துக் கிராமத்து பப் வேறு வகை. கடையும் தபால் நிலையமும் போன ஊரில், மழைக்கு ஒதுங்கி, யாரிடமும் முன்கூட்டிச் சொல்லாமல், நாலு பேரோடு உட்காரக்கூடிய கடைசி அறை அதுதான். உங்கள் பக்கத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. வடக்கு யார்க்‌ஷயரில் ரிச்மண்டுக்கு அருகே ஹட்ஸ்வெல் என்ற ஊர். அங்கிருந்த ‘ஜார்ஜ் அண்ட் டிராகன்’ 2008-இல் மூடப்பட்டது. ஊர்க்காரர்கள் பணம் திரட்டி வாங்கி 2010-இல் மறுபடி திறந்தார்கள். உள்ளே ஒரு சின்ன நூலகம், ஒரு சின்ன மளிகைக் கடை. ஊர்க்காரர்கள் காய்கறி போடத் தோட்டப் பாத்திகளும் உண்டு. 2016-க்கான நாட்டின் சிறந்த பப் விருது அதற்குத்தான் கிடைத்தது. கம்ப்ரியாவில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் ஊரின் ‘ஓல்ட் கிரவுன்’ 2003 முதலே ஊர்க்காரர்களின் கூட்டுறவுச் சொத்து. பணம் போடுவதற்கு முன் குடும்பத்தோடு ஒரு நாள் ஹட்ஸ்வெல் போய் வாருங்கள். திறக்கும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு, சனி ஞாயிறு அல்லாத ஒரு நாளில் போவது நல்லது. வார இறுதியில் எந்த பப்பும் நன்றாகத்தான் தெரியும்.

நன்மை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, ஆனால் தானாக வராது. குழாயைத் திறந்து பீர் விற்பதால் மட்டும் எந்த ஊரும் பிழைத்ததில்லை. பீர் விற்காத நேரத்தில் அந்தக் கட்டடம் என்ன செய்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் கமிட்டியிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, “செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இந்தக் கதவு திறந்திருக்குமா? திறப்பது யார்?” என்பதுதான். பகல் நேர வேலைகள் நின்றுபோவது பெரும்பாலும் ஆர்வம் இல்லாததால் அல்ல, சாவி யாரிடம் என்று முடிவு செய்யாததால். முதியோர் மதிய உணவு, குழந்தைகளோடு வரும் தாய்மார் கூட்டம் என்று எதை ஆரம்பித்தாலும், சாவி வைத்திருக்கும் இருவரின் பெயரும் கிழமையும் தாளில் இருக்க வேண்டும். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தாலும் மற்றவர் திறப்பார்.

தபால் சேவையைத் திரும்பக் கொண்டுவர முழு நிலையம் தேவையில்லை. பக்கத்து ஊர்த் தபால் நிலையத்தார் வாரத்தில் சில மணி நேரம் வந்து உட்காரும் ஏற்பாட்டுக்கு போஸ்ட் ஆபிஸ் நிறுவனத்திலேயே ‘அவுட்ரீச்’ என்று பெயர். அவர்களுக்கு ஒரு மேசையும் பூட்டும் வசதியும் இணையமும் கொடுத்தால் போதும். பென்ஷன் எடுக்க வருகிறவர் ஒரு டீ குடிப்பார், ரொட்டி பாக்கெட் வாங்குவார், அரை மணி நேரம் பேசுவார். தனியாக இருக்கும் ஒரு முதியவர் இரண்டு வாரமாக வரவில்லை என்றால் கவனிக்க நாலு பேர் இருப்பார்கள். இப்படிக் கூடுதல் சேவைகளை பப்புக்குள் கொண்டுவர வழிகாட்டுவதற்கென்றே ‘பப் இஸ் தி ஹப்’ என்ற அமைப்பு 2001 முதல் இயங்குகிறது. உங்கள் கமிட்டி அவர்களிடம் பேசியதா என்று கேளுங்கள்.

கட்டடத்தையும் ஒருமுறை உங்கள் கண்ணால் பாருங்கள். பழைய பப்களில் ‘ஸ்னக்’ என்று ஒரு குட்டி அறை இருக்கும். பாரில் எல்லார் கண்ணிலும் பட உட்கார விரும்பாதவர்களுக்காக அந்தக் காலத்தில் வைத்தது. பழுதுபார்க்கும்போது இடத்தை விசாலமாக்குகிறோம் என்று முதலில் அந்தச் சுவரைத்தான் இடிப்பார்கள். இடிக்க விடாதீர்கள். தனிக் கதவோடு, பீர் குழாய்கள் கண்ணில் படாமல் ஓர் அறை இருந்தால், உங்களைப் போன்றவர்களும் பாடம் படிக்கும் பிள்ளைகளும் தயங்காமல் வருவார்கள். கழிப்பறைக்குப் போகும் வழியில் படி இருக்கிறதா என்பதும் முக்கியம். ஒரே ஒரு படிக்காகவே வராமல் போகிற பாட்டிகள் உண்டு.

இனி சட்டம். பப் இன்னும் விற்காமல் இருந்தால், 2011-ஆம் ஆண்டின் லோக்கலிசம் சட்டப்படி அதை ‘சமூக மதிப்புள்ள சொத்து’ என்று கவுன்சிலில் பட்டியலிடக் கோரலாம். உள்ளூர் வாக்காளர்கள் 21 பேர் சேர்ந்த குழுவோ பேரிஷ் கவுன்சிலோ (ஊர் அளவிலான சிறு கவுன்சில்) மனு கொடுத்தால் போதும். கவுன்சில் 8 வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும். பட்டியலில் 5 வருடம் இருக்கும். அதன்பின் உரிமையாளர் விற்க நினைத்தால் கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தத் தேதியிலிருந்து 6 வாரத்துக்குள் உங்கள் குழு “நாங்களும் வாங்க முயல்கிறோம்” என்று எழுதிக் கொடுத்தால், அதே தேதியிலிருந்து 6 மாதம் வேறு யாருக்கும் விற்க முடியாது. பல ஊர்கள் தவறுவது இந்த 6 வாரத்தில்தான். கடிதம் கவுன்சிலிலிருந்து வந்து யாருடைய மின்னஞ்சலிலோ பார்க்கப்படாமல் கிடக்கும். இன்னொன்று, அந்த 6 மாதம் அவகாசம் மட்டுமே. உங்களுக்குத்தான் விற்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. வாங்குவதில் ஊருக்கு முதல் உரிமை தரும் மசோதா 2025 ஜூலையில் நாடாளுமன்றத்துக்கு வந்தது. அது இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கவுன்சில் அதிகாரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 2017 மே முதல் இங்கிலாந்தில் பப்பை வீடாக மாற்றவோ இடிக்கவோ திட்ட அனுமதி கட்டாயம் என்பதும் உங்களுக்குச் சாதகம்.

உங்கள் 500 பவுண்டு விஷயத்துக்கு வருகிறேன். ஊர் பப்களை வாங்குவது பெரும்பாலும் ‘கம்யூனிட்டி பெனிஃபிட் சொசைட்டி’ என்ற வகைச் சங்கம். 500 போட்டவருக்கும் 50,000 போட்டவருக்கும் ஆளுக்கு ஒரே ஓட்டு. இந்தப் பங்கை நீங்கள் வேறு யாருக்கும் விற்க முடியாது. சங்கத்திடமே திரும்பக் கேட்கலாம், அதுவும் கமிட்டி சம்மதித்தால், கையில் பணம் இருந்தால். முதல் மூன்று வருடம் யாருக்கும் திருப்பித் தருவதில்லை என்று விதி வைப்பது வழக்கம். வங்கிச் சேமிப்புக்கு உள்ள நஷ்டஈட்டுப் பாதுகாப்பு இதற்கு இல்லை. சங்கம் நொடித்தால் 500-ம் போகும். ஆகவே போனாலும் வீட்டுச் செலவு தடுமாறாது என்ற அளவுக்கு மட்டும் போடுங்கள். பங்கு ஆவணத்தில் ‘அசெட் லாக்’ என்ற விதி இருக்கிறதா பாருங்கள். நாளைக்குக் கட்டடத்தை விற்று உறுப்பினர்கள் பணத்தைப் பங்கு போட்டுக்கொள்ளக் கூடாது என்பதுதான் அதன் பொருள். அது இல்லையென்றால் ஊர் சொத்து என்று சொல்வதற்கு அர்த்தமில்லை.

திரட்டும் தொகை விலைக்கு மட்டுமா என்றும் பாருங்கள். விலை 3,50,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். வணிகக் கட்டட முத்திரை வரி முதல் 1,50,000-க்கு இல்லை, அடுத்த 1,00,000-க்கு 2 சதவீதம், மிச்சத்துக்கு 5 சதவீதம். ஆக 7,000. வக்கீல், கட்டட ஆய்வு, கூரை, சாக்கடை, சமையலறை எல்லாம் அதற்கு மேல். விற்பவர் ‘வாட்’ என்ற விற்பனை வரி வசூலிப்பவராக இருந்தால் அதுவும் சேரும். திறந்தபின் மூன்று மாதச் சம்பளமும் சரக்கும் கையில் இல்லாத சங்கம் முதல் குளிர்காலத்திலேயே கடன் வாங்கும்.

குடிக்காதவருக்கு இது எதற்கு என்று நினைக்காமல் பீர்க் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். நஷ்டம் அதிகம் ஒளிந்திருப்பது நிலவறையில்தான். பீப்பாய்க்குள்ளேயே பக்குவமாகும் உள்ளூர் ‘காஸ்க்’ பீரின் சின்னப் பீப்பாய் ‘ஃபிர்கின்’. 9 கேலன், அதாவது 72 பைண்ட் (பப்பில் ஒரு பெரிய கிளாஸ் பீர் ஒரு பைண்ட்). அடியில் ஈஸ்ட் கசடு தங்குவதால் முழுதும் தேறாது. 11 முதல் 13 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். திறந்ததும், பீர் இறங்க இறங்க அந்த இடத்தில் காற்று புகும். மூன்று நாள் தாண்டினால் சுவை கெட்டுப் புளிக்கத் தொடங்கும். ஒரே நேரத்தில் மூன்று வகை வைத்தால், நாள் ஒன்றுக்கு 72 பைண்ட் போனால்தான் கொட்டாமல் தப்பலாம். 200 பேர் உள்ள ஊரில் திங்கள், செவ்வாயில் அது நடக்காது. வகை நிறைய இருந்தால் பெருமை என்று நினைத்து இப்படித்தான் பணத்தைச் சாக்கடையில் விடுகிறார்கள். வாரநாளில் ஒரு வகை, வெள்ளியில் இரண்டாவது, தேவைப்பட்டால் 36 பைண்ட் கொள்ளும் ‘பின்’ பீப்பாய் என்பதே சிறு ஊருக்குச் சரி. பகலில் விற்கும் டீ, சூப், சாண்ட்விச் மீந்தாலும் இவ்வளவு நஷ்டம் இல்லை.

நடத்துவது யார் என்பதும் தெளிவாக வேண்டும். சங்கமே மேனேஜர் வைத்து நடத்தலாம், குத்தகைக்கும் விடலாம். சிறு ஊருக்குக் குத்தகைதான் நல்லது என்பது என் கருத்து. உறுப்பினர்களே மாறி மாறி பாரில் நின்றால் இரண்டாவது வருடத்தில் களைத்துப்போவார்கள். ஆனால் குத்தகைப் பத்திரத்திலேயே பகல் நேரத் திறப்பு, தபால் மேசை, ஸ்னக் அறை எல்லாம் எழுதப்பட வேண்டும். வாய்ப்பேச்சில் விட்டால் குத்தகைதாரர் மாறும்போது எல்லாம் போகும். அன்றாட விஷயத்தில் அவரிடம் பேசக் கமிட்டியில் ஒரே ஒருவரை நியமியுங்கள். ஐம்பது முதலாளிகள் ஆளுக்கொன்று சொன்னால் எந்த நல்ல ஆளும் நிற்கமாட்டார். மது விற்கும் பொறுப்புக்குத் தனிநபர் லைசென்ஸ் உள்ள ஒருவர் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். அது நீங்களாக இருக்க வேண்டியதில்லை. பாருக்குப் பின்னால் நிற்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

குடியால் கெடும் வீடுகள் அங்கேயும் உண்டு. கேட்டவருக்குக் குடிநீர் இலவசமாகத் தரவேண்டும், பீரை அரைப் பைண்ட் அளவிலும் தரவேண்டும் என்பதெல்லாம் ஏற்கெனவே சட்டம். போதையில் இருப்பவருக்கு விற்பதும் குற்றம். இதற்கு மேல் மது கலக்காத பானங்கள் நாலைந்து, பீரைவிட மலிவாக, கண்ணில் படும் தட்டில் இருக்க வேண்டும் என்று கமிட்டியில் கேளுங்கள். இதைக் கேட்க குடிக்காத ஒருவர் அங்கே இருந்தே ஆகவேண்டும். என்னைக் கேட்டால் நீங்கள் கமிட்டியில் சேர முதல் காரணம் அதுதான்.

மாமியாரிடம் பங்கு, லாபம் என்று ஆரம்பிக்காதீர்கள். மூடிப்போன தபால் நிலையமும் கடையும் வருகிற கட்டடம், அங்கே பீரும் விற்பார்கள், நான் பார்த்துக்கொள்வது முதல் பாதியை என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கூட்டத்துக்குப் போகும்போது பங்கு ஆவணத்தில் அசெட் லாக் பக்கத்தையும், செலவுக் கணக்கில் திறந்தபின் மூன்று மாதச் சம்பளமும் சரக்கும் காட்டிய இடத்தையும் கோடிட்டு எடுத்துப் போங்கள். அந்த இரண்டுக்கும் செவ்வாய்க்கிழமை சாவிக்கும் பதில் வரும்வரை பணம் உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும்.