நார்க்கழிவுப் பையில் இலை கருகுகிறது, தக்காளியின் அடி கறுக்கிறது: என்ன செய்யலாம்?

கேள்வி: ஐயா, எங்களுக்குப் பேராவூரணி பக்கம் தென்னந்தோப்பு. ஐப்பசி மழையில் கொல்லையில் காய்கறி நிற்காது என்பதால், வீட்டில் சும்மா கிடந்த ஓர் அறையில் 50 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டை மாட்டி, 20 பைகளில் மிளகாயும் செர்ரி தக்காளியும் வைத்திருக்கிறேன். பக்கத்து மட்டை மில்லில் அள்ளிவந்த நார்க்கழிவுதான் (தேங்காய் மட்டையில் நார் எடுத்தபின் மிஞ்சும் தூள்) பை முழுக்க, மண் கலக்கவில்லை. மூன்று நாளுக்கு ஒருமுறை போர் தண்ணீர், வாரம் ஒருமுறை பஞ்சகவ்யா, இடையிடையே 19:19:19 கொடுக்கிறேன். நாற்று நன்றாக வந்தது. ஒரு மாதம் போனதும் கீழ் இலைகளின் ஓரம் கருகி, நரம்புக்கு நடுவில் மஞ்சளாகிறது. தக்காளிக் காயின் அடி கறுத்துவிடுகிறது. மிளகாயில் பூ கொட்டுகிறது. பையின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. இது நோயா, சத்துக் குறைவா?

பதில்: தம்பி, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது நோய் இல்லை. பூஞ்சாண மருந்து வாங்கிவிடாதீர்கள். பையில் உப்பு ஏறியிருக்கிறது, செடிக்குக் கால்சியமும் மெக்னீசியமும் கிடைக்கவில்லை. இந்த இரண்டும் ஒரே இடத்தில் இருந்துதான் வருகின்றன: கழுவாத நார்க்கழிவு.

மில்லில் இருந்து வரும் பச்சை நார்க்கழிவில் பொட்டாசியமும் சோடியமும் குளோரைடும் நிறைய உண்டு. தேங்காய் மட்டையிலேயே இருப்பது ஒரு பங்கு. மட்டையை ஊறப்போட்ட தண்ணீர் உப்பாக இருந்தால் இன்னொரு பங்கு சேரும். பொட்டாசியமும் சோடியமும் துகளின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். கால்சியம் வந்தால் அவற்றை விட்டுவிட்டு நார்த்துகள் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதாவது நீங்கள் கொடுக்கும் கால்சியத்தை வேர் எடுப்பதற்கு முன் பை எடுத்துக்கொள்கிறது, பதிலுக்குச் சோடியத்தை வேரிடம் விடுகிறது. மெக்னீசியத்துக்கும் இதே கதி. தக்காளியின் அடி கறுப்பது கால்சியம் காய்க்குப் போய்ச் சேராததால். கீழ் இலையில் நரம்பு பச்சையாக நிற்க, நடுவில் மஞ்சளாவது மெக்னீசியக் குறைவு. ஓரம் கருகுவதும் பையில் வெள்ளை பூப்பதும் உப்பு.

இதில் 19:19:19 உதவாது. அந்தப் பொட்டலத்தில் தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்) மூன்றும்தான் இருக்கின்றன, கால்சியமும் இல்லை, மெக்னீசியமும் இல்லை. வயலில் அது வேலை செய்வதற்குக் காரணம், மீதியை மண் கொடுத்துவிடுகிறது. நார்க்கழிவு அப்படி எதையும் கொடுக்காது. பஞ்சகவ்யா நல்ல பொருள்தான், தோப்பிலும் வயலிலும் தாராளமாக விடுங்கள். ஆனால் அது நுண்ணுயிர் நிறைந்த மண்ணை நம்பி வேலை செய்யும் பொருள். வெறும் நார்க்கழிவில் அதை மட்டும் நம்பிச் செடி வளர்க்க முடியாது. பச்சை நார்க்கழிவில் கார்பன் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. அது மக்கும்போது நீங்கள் போடும் தழைச்சத்திலும் பங்கு கேட்கும்.

முதலில் ஓர் ஈ.சி. மீட்டரும் பி.எச். மீட்டரும் வாங்குங்கள். ஈ.சி. என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும், மில்லிசீமென்ஸ் அதன் அலகு. பி.எச். என்பது தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும். இவை இல்லாமல் நார்க்கழிவில் பயிர் செய்வதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். வாங்கியதும் போர் தண்ணீரை அளந்து பாருங்கள். சேதுபாவாசத்திரம், அதிராம்பட்டினம் கரையை ஒட்டிப் பல போர்களில் உப்பு அதிகம். தண்ணீரின் ஈ.சி. 1 மில்லிசீமென்ஸைத் தாண்டினால், உரம் கரைப்பதற்கு முன்பே பாதி இடத்தை உப்பு பிடித்துவிட்டது என்று அர்த்தம். மழைநீர்தான் இதற்கு முதல் தரம். ஓட்டில் இருந்து விழுவதை ஐப்பசி, கார்த்திகையில் தொட்டியில் பிடித்து வையுங்கள். இல்லாவிட்டால் புது ஆற்றில் (கல்லணைக் கால்வாயில்) தண்ணீர் ஓடும் நாளில் பிடித்து, தெளியவைத்துப் பயன்படுத்துங்கள்.

இப்போது இருக்கும் செடிகளுக்கு: உப்பில்லாத தண்ணீரைப் பையின் கொள்ளளவைப் போல் மூன்று மடங்கு மெதுவாக ஊற்றி அலசுங்கள். 12 லிட்டர் பை என்றால் 36 லிட்டர், நாலைந்து தவணையாக. அடியில் வடிவதை அளந்துகொண்டே வாருங்கள், 1 மில்லிசீமென்ஸுக்குக் கீழே வரும்வரை நிறுத்தாதீர்கள். அலசிய அன்றே லிட்டருக்கு ஒரு கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து ஊற்ற வேண்டும். வெறும் தண்ணீரில் அலசிவிட்டு அப்படியே விட்டால் செடி பட்டினி கிடக்கும். வடிந்த தண்ணீரைத் தென்னம்பாத்தியில் விட்டுவிடுங்கள். தென்னைக்குப் பொட்டாசியமும் வேண்டும், குளோரைடும் வேண்டும், மற்ற பயிர் முகம் சுளிக்கும் உப்பை அது தாங்கும்.

கருகிய இலை திரும்பப் பச்சையாகாது, கறுத்த காயும் தேறாது. இரண்டையும் கிள்ளி எறிந்துவிட்டுப் புதுத் தளிரைக் கவனியுங்கள்.

அடுத்த முறைக்கு நார்க்கழிவைப் பக்குவப்படுத்தும் முறையைச் சொல்கிறேன். மில்லில் புதிதாக விழுந்த குவியலைத் தொடாதீர்கள். இரண்டு மூன்று மழைக்காலம் நனைந்து, கறுத்து, உள்ளே கை விட்டால் பொலபொலவென்று இருக்கும் பழைய குவியலாகக் கேளுங்கள். வானம் பாதி வேலையைச் செய்து கொடுத்திருக்கும். அதை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து, திரும்ப ஊறவைத்து, வடியும் தண்ணீர் 0.5 மில்லிசீமென்ஸுக்குக் கீழே இறங்கும்வரை கழுவுங்கள். முதல் கழுவில் வரும் தேநீர் நிறத் தண்ணீரை நாற்றுக்கு ஊற்றக் கூடாது. கழுவி முடித்ததும், காய்ந்த எடையில் 5 கிலோவுக்கு 100 கிராம் கால்சியம் நைட்ரேட் என்ற கணக்கில் கரைத்து, ஒரு ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, மறுநாள் ஒருமுறை அலசி வடித்துவிடுங்கள். கடையில் வாங்கும் 5 கிலோ கட்டியாக இருந்தாலும், கழுவியது என்று அட்டையில் எழுதியிருந்தாலும், இந்தக் கால்சியம் குளியலை விடாதீர்கள். கழுவினால் மேலே கரைந்திருக்கும் உப்புதான் போகும். ஒட்டிக்கொண்டிருக்கும் சோடியத்தைக் கால்சியம்தான் பெயர்க்கும்.

நாலில் ஒரு பங்கு நெல் உமியோ உமிக்கரியோ கலந்தால் வேருக்குக் காற்று கிடைக்கும். நம் பக்கம் அரிசி ஆலைக்கா பஞ்சம்? ஆனால் வெந்து வெளுத்த சாம்பலைச் சேர்க்காதீர்கள், அது காரத்தன்மையை ஏற்றும்.

உரம் ஊற்றும் தண்ணீருக்கு என் கணக்கு, 100 லிட்டருக்கு: கால்சியம் நைட்ரேட் 60 கிராம், பொட்டாசியம் நைட்ரேட் 30 கிராம், 0:52:34 என்ற மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 20 கிராம், மெக்னீசியம் சல்பேட் 40 கிராம். இதோடு இரும்புச்சத்து உள்ள நுண்ணூட்டக் கலவை, பொட்டலத்தில் சொன்ன அளவு. மழைநீரில் இப்படிக் கரைத்தால் ஈ.சி. 1.6, 1.7 அளவில் நிற்கும், காய்க்கும் செடிக்குப் போதும். நாற்றுக்கு இதில் பாதி. ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கரைத்து, தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கும்போது ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றுங்கள். கால்சியம் நைட்ரேட்டையும் மெக்னீசியம் சல்பேட்டையும் ஒரே வாளியில் கெட்டியாகக் கலந்தால் ஜிப்சம் ஆகி அடியில் படிந்துவிடும், பணமும் போகும் சத்தும் போகும். பிறகு பி.எச். பாருங்கள், 5.8 முதல் 6.2 வரை இருக்க வேண்டும். போர் தண்ணீரில் இது பெரும்பாலும் 7.5-க்கு மேல் நிற்கும், அப்போது இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. இறக்குவதற்குப் பாஸ்பாரிக் அமிலம் சில சொட்டுகள் போதும். தண்ணீரில்தான் அமிலத்தை விட வேண்டும், அமிலத்தில் தண்ணீரை விடக் கூடாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீர் என்பது மண்ணுக்கான பழக்கம். நார்க்கழிவு காயக் காய உள்ளே இருக்கும் உப்பு கெட்டியாகிக்கொண்டே போகும். காய்க்கும் செடிக்குத் தினமும் ஊற்றுங்கள், வெயில் நாளில் இருமுறை. ஒவ்வொரு முறையும் உரத்தண்ணீர்தான். ஊற்றியதில் பத்தில் ஒரு பங்காவது அடியில் வடிய வேண்டும், வடிந்தது தட்டில் தேங்கக் கூடாது. மேல் பரப்பு காய்ந்தாற்போல் தெரிந்தாலும் உள்ளே ஈரமாக இருக்கும், ஆகவே கண்ணை நம்பாமல் பையைத் தூக்கிக் கனம் பாருங்கள்.

பூ கொட்டுவதற்குச் சத்தோடு வெளிச்சமும் சூடும் சேர்ந்த காரணம். மிளகாயும் தக்காளியும் பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் பயிர்கள் இல்லை, வயது வந்தால் பூக்கும். ஆனால் பூ காயாக நிற்க வெளிச்சம் வேண்டும். இரண்டடிக்கு இரண்டடி இடத்துக்கு 100 வாட் எல்.இ.டி. தேவை, நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம். இரவும் பகலும் எரியவிட்டால் தக்காளி இலை வெளுத்துப் போகும். உங்களுடைய இரண்டு விளக்கும் சேர்ந்தே 100 வாட்தான், நாலு செடிக்கு மேல் அதனால் முடியாது. 20 செடிக்கும் விளக்கு கூட்டலாமா என்றால், மின்கட்டணத்தைப் பாருங்கள்: 100 வாட் 16 மணி நேரம் எரிந்தால் இரண்டு மாதத்தில் 96 யூனிட். வீட்டு இணைப்பில் கிடைக்கும் 100 யூனிட் இலவசம் அந்த 100 வாட்டுக்கே சரியாகிவிடும், மின்விசிறியும் ஃபிரிட்ஜும் முழுக்கக் காசில் ஓடும். தோட்டத்து இலவச மின்சாரத்தை வீட்டுக்கு இழுப்பது சட்டப்படி தவறு, அதை யோசிக்கவே வேண்டாம்.

அதனால் நல்ல நாலு செடியை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு, மற்றதை 35 சதவீத நிழல்வலை கட்டிய மாடிக்கோ திண்ணைக்கோ மாற்றுங்கள், மழை நேராக விழாதபடி மேலே ஒரு பாலித்தீன் தாள். காவிரிக் கரையில் வெயிலுக்கு யாரும் பில் போடுவதில்லை. அறையை அடைமழைக்கால நாற்றுவிட வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அது அருமையான இடம். உள்ளே இருக்கும் செடிகளுக்கு விளக்கைச் சாயந்திரம் 5 மணிக்குப் போட்டுக் காலை 9 மணிக்கு அணையுங்கள், பகல் சூட்டோடு விளக்குச் சூடு சேராது. 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் வீணாகும். அறைக்குள் காற்றில்லை, ஆகவே தக்காளிப் பூங்கொத்தைத் தினமும் விரலால் தட்டிவிடுங்கள்.

குருத்தையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். மிளகாய் இலை மேல்நோக்கிக் குவிந்தால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் மஞ்சள் சிலந்திப்பேன். அறைக்குள் மழையும் இல்லை, பொறிவண்டும் இல்லை, வந்துவிட்டால் வேகமாகப் பெருகும். விளக்கு அணைந்த நேரத்தில் வேப்பெண்ணெய் லிட்டருக்கு 3 மில்லி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்து, இலையின் அடியில் படும்படி வாரம் ஒருமுறை தெளியுங்கள்.

அலசிப் பத்து நாள் ஆனபிறகும் புதுத் தளிர் மஞ்சளாகவே வந்தால், வடிதண்ணீரின் ஈ.சி.யையும் பி.எச்.சையும் குறித்து, ஒரு தளிரையும் ஒரு முதிர்ந்த இலையையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்புங்கள்.