விஸ்கி ரசிகருக்கு சைனீஸ் டீ பிடிக்குமா, எதுல ஆரம்பிக்கலாம்?

கண்டிப்பா பிடிக்கும். ஸ்காட்லாந்தோட ஐலா தீவுல செய்யற, புகை தூக்கலான விஸ்கிதான் இஷ்டம்னா, லாப்சங் சூச்சாங்ங்கற சைனீஸ் பிளாக் டீல ஆரம்பிங்க. ஐலாவுல பார்லி மால்ட்டை (முளைகட்டின பார்லி) பீட், அதாவது சதுப்பு நிலத்துல வெட்டி எடுக்கற எரிபொருள், அதோட புகையில காய வைக்கிறாங்கள்ல, இங்க ஃபூஜியன் மாகாணத்து வூயி மலையில டோங்மு கிராமத்துப் பக்கம் டீ இலையை பைன் விறகு புகையில உலர்த்துவாங்க. புகை போடாத வகையும் விக்குது, கேட்டு வாங்குங்க.

ஆனா வயசான சரக்குல ஆசைன்னா யுன்னான் மாகாணத்து பூ-அர்ங்கற, வருஷக்கணக்கா முதிர வைக்கிற டீ தான், எனக்கு ரொம்பப் பிடிச்சதும் அதான். விஸ்கி பாட்டில்ல அடைச்சதோட முதிர்றது நின்னுடும், ஆனா வேகமா புளிக்க வைக்காத பூ-அரை (பச்சை பூ-அர்னு சொல்வாங்க) அழுத்தி செஞ்ச வில்லை உங்க வீட்டு அலமாரியிலயே வருஷக்கணக்கா மாறிட்டே இருக்கும், வைக்கிற இடத்து ஈரப்பதத்தைப் பொறுத்து ருசியே வேறயாகும்.

போடற முறை முக்கியம். 100 மில்லி மூடி போட்ட சின்ன கப்புல 5, 6 கிராம் இலை, நல்லா கொதிச்ச தண்ணி, 10-15 செகண்ட்ல வடிச்சிடுங்க, பால் சர்க்கரை வேணவே வேணாம். அதே இலையில திரும்பத் திரும்ப ஊத்தலாம், ஒவ்வொரு தடவையும் ருசி மாறும், பொறுமையா மோந்து பாத்து குடிக்கறவங்களுக்கு இதுதான் சொர்க்கம்.

1980கள்ல செஞ்ச பூ-அர்னு மலிவா கிடைச்சா வாங்காதீங்க, போலி நிறைய.