தீயவரல்லாத நெக்ரோமேன்சருக்கு எந்த இலக்கு தாங்கும்? கேள்வி-பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்று ஆடும் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை ஆடுபவர்களிடமிருந்து வந்தவை. ஆகவே வேறு குறிப்பு இல்லாத இடங்களில் 2014இல் வெளியான விதிகளையே கொண்டு விடை எழுதியிருக்கிறேன். குழப்பத்தைத் தவிர்க்கப் பாத்திரத்தின் வளர்ச்சியை ‘லெவல்’ என்றும், மந்திரத்தின் தரத்தைப் ‘படி’ என்றும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: என் நெக்ரோமேன்சர் (இறந்தோரைக் கையாளும் மந்திரவாதி) நல்லவர். ‘இறந்தோரைக் கையாள்பவர் எல்லாரும் தீயவர் அல்லர் என்று உலகுக்கு நிரூபிப்பது’ என்பதையே அவருடைய நெடுங்கால இலக்காக எழுதிக் கொடுத்தேன். ஆட்ட நடத்துநர் அது போதாது என்கிறார். ஏன்?

நடத்துநர் சொல்வது சரி என்றே எனக்கும் படுகிறது. இலக்கு என்றால் அது நிறைவேறிவிட்டது என்று சொல்லத்தக்க ஒரு கட்டம் இருக்க வேண்டும். அடுத்த அமர்விலேயே அதற்காக ஏதாவது ஒரு காரியத்தைச் செய்யவும் இடம் இருக்க வேண்டும். நீங்கள் எழுதியதில் இரண்டும் இல்லை. போகிற ஊரிலெல்லாம் சந்தேகப்படும் கூட்டம் ஒன்றை நிறுத்திக்காட்டுவதைத் தவிர நடத்துநருக்கு வேறு வேலை இருக்காது, மூன்றாவது ஊருக்குள் எல்லாருக்கும் அலுத்துவிடும்.

இறந்தோரை எழுப்புவது நற்செயல் அல்ல என்றும், அத்தகைய மந்திரங்களை அடிக்கடி பயன்படுத்துபவர்கள் தீயவர்களே என்றும் ஆட்டக்காரர் கையேடே சொல்கிறது. இந்த வரியை மறுத்து வாதாடுவதைவிட அதை ஏற்றுக்கொண்டு, நற்செயல் அல்லாத ஒன்றை உங்கள் பாத்திரம் யாருடைய அனுமதியோடு, யாருக்காக, எதுவரை செய்கிறார் என்று கேட்டுப்பாருங்கள். இறந்தவர்களுக்கு அவர் எந்த வகையில் கடமைப்பட்டிருக்கிறார் என்பது தெளிந்துவிட்டால் இலக்கு தானாகவே உருப்பெறும்.

உதாரணமாக, உயிரோடிருக்கும்போதே எழுத்துமூலம் சம்மதித்தவர்களின் எலும்புகளை மட்டுமே, குறித்த காலத்துக்கு மட்டுமே எழுப்பலாம், காலம் முடிந்ததும் முறைப்படி அடக்கம் செய்துவிட வேண்டும் என்ற சட்டத்தை ஒரு நகரத்தில் கொண்டுவருவது அவருடைய இலக்காக இருக்கட்டும். நகர அவையில் ஆதரவு திரட்ட வேண்டும், சம்மதிக்கும் முதல் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும், கள்ளக் கையெழுத்துப் போடுபவர்களைப் பிடிக்க வேண்டும். இவ்வளவையும் கடந்து சட்டம் நிறைவேறிய பிறகுதான் உண்மையான சிக்கல் தொடங்கும், ஏனெனில் கடனில் மூழ்கிய ஏழைகள் பணத்துக்காகத் தங்கள் எலும்புகளை எழுதிக் கொடுக்கத் தொடங்குவார்கள், வட்டிக்காரர்கள் அந்தப் பத்திரங்களை மொத்தமாக வாங்குவார்கள், அத்தனைக்கும் அடியில் உங்கள் பாத்திரம் இயற்றிய சட்டமே இருக்கும். நல்லெண்ணத்தோடு செய்ததன் விளைவுக்குப் பொறுப்பேற்க வேண்டிய நிலை, ஊராரின் சந்தேகத்தைவிடப் பன்மடங்கு கதையைத் தரும்.

கேள்வி: ஐந்தாம் லெவலுக்கு முன்னால் எலும்புக்கூட்டை எழுப்பவே முடியாது. அதுவரை என் பாத்திரம் எதை நோக்கிச் செல்வது?

எழுப்புவதே நெக்ரோமேன்சரின் ஒரே தொழில் என்று நினைத்துக்கொள்வதால் வரும் தயக்கம் இது. ரெவிவிஃபை, ரெய்ஸ் டெட், ரெசரெக்‌ஷன் என்று உயிரை மீட்கும் மந்திரங்கள் மூன்றும் ஐந்தாம் பதிப்பில் நெக்ரோமேன்சி பிரிவைச் சேர்ந்தவைதாம். சாகக்கிடப்பவரின் உயிரைத் தக்கவைக்கும் ஸ்பேர் த டையிங் என்ற எளிய மந்திரமும் அதே பிரிவு. இவை பெரும்பாலும் தெய்வத்தின் அருளால் மந்திரம் செய்யும் கிளெரிக்கின் கையில் இருப்பதால் நாம் மறந்துவிடுகிறோம்.

பிணத்திடம் ஐந்து கேள்விகள் கேட்க உதவும் ஸ்பீக் வித் டெட் மந்திரம் 2014 கையேட்டில் விசார்டுக்கு (படித்து மந்திரம் கற்பவர்; நெக்ரோமேன்சரும் இந்த வகைதான்) இல்லை. பாடகரான பார்டுக்கும் கிளெரிக்குக்கும் உண்டு. இதைக் குறையாகப் பார்க்காதீர்கள். ஒரு பழைய போர்க்களத்தில் கிடக்கும் அடையாளம் தெரியாத எலும்புகளுக்கெல்லாம் பெயர் கண்டுபிடித்து உறவினரிடம் சேர்ப்பது உங்கள் இலக்கு என்றால், குழுவிலுள்ள கிளெரிக் இல்லாமல் அது நடக்காது. பிறர் உதவி தேவைப்படும் இலக்கே குழு ஆட்டத்துக்கு ஏற்றது. அந்த மந்திரம் வேலை செய்யப் பிணத்துக்கு வாய் இருக்க வேண்டும் என்பதையும், ஒருமுறை கேட்ட பிணத்திடம் பத்து நாள்களுக்குள் மறுபடி கேட்க முடியாது என்பதையும் நடத்துநருக்கு நினைவூட்டுங்கள். படுகொலையை மறைக்க நினைப்பவன் தாடைகளை மட்டும் உடைத்துவிட்டுப் போயிருப்பான்.

கேள்வி: இறந்துபோன தங்கையை மீட்பதற்காகவே என் விசார்ட் இந்தக் கலையைக் கற்கிறாள். மிகவும் பழகிப்போன கதையா இது?

பழகிய கதைதான், ஆனால் விதிகளோடு சேர்த்துப் படித்தால் இதைவிட ஒழுங்காகப் படிப்படியாக வளரும் இலக்கை நான் பார்த்ததில்லை.

மூன்றாம் லெவலிலேயே ஜென்டில் ரிபோஸ் என்ற இரண்டாம் படி மந்திரம் கிடைத்துவிடுகிறது. அது பத்து நாள்களுக்கு உடலை அழுகாமல் காக்கிறது, அதை யாரும் எழுப்பி ஜாம்பியாக்கிவிடாமலும் தடுக்கிறது. அதன் காப்பில் கழியும் நாள்கள், உயிர் மீட்புக்கான காலக்கெடுவில் சேர்வதில்லை. சடங்காகச் செய்தால் ஸ்லாட்டும் (ஒரு நாளில் மந்திரம் செய்யக் கிடைக்கும் அளவான வாய்ப்பு) செலவாகாது. ஆனால் உடலைத் தொட்டுத்தான் செய்ய வேண்டும் என்பதால், பத்து நாள்களுக்கு ஒருமுறை அவள் தங்கையிடம் திரும்பியாக வேண்டும், அல்லது உடலைக் கூடவே சுமந்து திரிய வேண்டும். குழு எந்தத் தொலைதூரப் பயணத்தை ஏற்றாலும் இந்தக் கணக்கு அவள் மனத்தில் ஓடிக்கொண்டே இருக்கும்.

ரெய்ஸ் டெட், இறந்து பத்து நாள்களுக்குள் 500 பொற்காசு மதிப்புள்ள வைரத்தோடு கிளெரிக் போன்றவர்கள் செய்வது. தங்கை இறந்தபோது உங்கள் விசார்டுக்கு எந்த மந்திரமும் தெரியாது, கெடு அப்போதே கடந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறுக்குவழி அடைபட்டுவிடும். மிஞ்சுவது ரெசரெக்‌ஷன். நூறாண்டு வரை அதற்குக் கெடு உண்டு என்றாலும், அது ஏழாம் படி மந்திரம், விசார்டின் பட்டியலில் இல்லாதது. ஆனால் பதினேழாம் லெவலில் விசார்டுக்கு விஷ் கிடைக்கிறது. எட்டாம் படி வரையிலான எந்த மந்திரத்தையும், விலையுயர்ந்த பொருள்கள்கூட இல்லாமல், அதன்மூலம் நிகழ்த்தலாம். ஆக அவள் யார் கையையும் எதிர்பார்க்காமல் தங்கையை மீட்கும் நாள் ஒன்று விதிநூலிலேயே குறிக்கப்பட்டிருக்கிறது.

இனி நடுவில் வர வேண்டிய கேள்வி: தங்கைக்குத் திரும்பி வர விருப்பமா? ஆன்மாவின் விருப்பமில்லாமல் இந்த மந்திரங்கள் எதுவும் பலிக்காது. ஸ்பீக் வித் டெட் மூலம் கேட்டுவிடலாமே என்றால், அது ஆன்மாவை வரவழைப்பதில்லை; உயிரோடிருந்தபோது அறிந்ததை மட்டுமே பிணம் சொல்லும், சாவுக்குப் பின் நடந்தது எதுவும் அதற்குத் தெரியாது. நேரில் கேட்க வேண்டுமென்றால் ஆன்மா இருக்கும் உலகத்துக்கே போக வேண்டும், அதற்கான பிளேன் ஷிஃப்ட் பதின்மூன்றாம் லெவலில் வருகிறது. அந்தச் சந்திப்பை நடத்துநரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள், தங்கையின் பதிலை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள். அவள் மறுத்துவிட்டால் எஞ்சிய லெவல்களில் உங்கள் பாத்திரம் என்ன செய்வாள் என்பதை இப்போதே தீர்மானிக்க வேண்டாம்.

கேள்வி: எலும்புக்கூடுகளை உழவுக்கும் சுரங்கத்துக்கும் அனுப்பி மனிதர்களைக் கடும் உழைப்பிலிருந்து விடுவிப்பது என் இலக்கு. சாத்தியமா?

எண்ணிக்கை இடம் கொடுக்கவில்லை. அனிமேட் டெட் மூலம் எழுப்பியவை 24 மணி நேரமே கட்டுப்படும். அதற்குள் மீண்டும் அதே மந்திரத்தைச் செய்து கட்டுப்பாட்டைப் புதுப்பிக்க வேண்டும், ஒரு மூன்றாம் படி ஸ்லாட்டுக்கு நான்கு உடல்கள் வீதம். ஆறாம் லெவல் விசார்டுக்கு அந்தப் படியில் மூன்று ஸ்லாட்டுகள்தாம் உண்டு. ஆகப் பன்னிரண்டு எலும்புக்கூடுகள், ஓய்வில் ஒரு ஸ்லாட்டை மீட்டெடுத்தால் பதினாறு. அன்றைக்கு வேறு எந்த மூன்றாம் படி மந்திரத்தையும் அவர் நினைக்கவே முடியாது. ஒரு பண்ணைக்கே இது காணாது.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. விதிநூலின்படி எலும்புக்கூடும் ஜாம்பியும் இயல்பிலேயே தீயவை. உங்கள் பாத்திரம் ஒருநாள் காய்ச்சலில் படுத்துவிட்டாலோ சிறைப்பட்டாலோ, மறுநாள் காலையில் அந்தப் பன்னிரண்டும் கையில் மண்வெட்டியோடு கட்டவிழ்ந்து நிற்கும், பக்கத்தில் குழந்தைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள். நான் நடத்துநராக இருந்தால் இதை நிச்சயம் ஒருமுறை நிகழ்த்துவேன்.

தினசரிச் செலவில்லாமல் நிரந்தரமாகக் கட்டுப்படும் ஜாம்பியைத் தரும் வழியும் ஒன்று இருக்கிறது: ஃபிங்கர் ஆஃப் டெத். ஆனால் அந்த மந்திரத்தால் கொல்லப்பட்ட மனிதர்தான் அப்படி எழுவார். மலிவான வழி கொலையின் வழியாகவே செல்கிறது என்பதை உங்கள் பாத்திரம் பதின்மூன்றாம் லெவலில் கண்டுகொள்வார், தூக்குத் தண்டனைக் கைதிகளைத் தருவதாக யாராவது ஒரு சிற்றரசன் அப்போது ஆசை காட்டுவான். ஆகவே உழவுத் திட்டத்தை நேரடி இலக்காக வைக்காமல், தீய இயல்பு இல்லாத, கட்டவிழ்ந்தால் வெறும் எலும்பாக உதிர்ந்துவிடும் உடலை உருவாக்கும் புதிய மந்திரத்தைக் கண்டுபிடிப்பதை இலக்காக வையுங்கள். புதிய மந்திரம் என்பதால் நடத்துநரின் ஒப்புதல் தேவை. அதற்கு அவர் கேட்கும் விலையே உங்கள் கதையின் நடுப்பகுதியாகிவிடும்.

கேள்வி: நாங்கள் இன்னும் 3.5 பதிப்பைத்தான் ஆடுகிறோம். அதில் நல்ல நெக்ரோமேன்சருக்கு இடமுண்டா?

உண்டு, ஆனால் குறுகலானது. அங்கே அனிமேட் டெட் மந்திரத்தின் மீதே ‘தீமை’ என்ற குறி இருக்கிறது, நற்பக்கக் கிளெரிக்கால் அதைச் செய்யவே முடியாது. விசார்டுக்கு அந்தத் தடை இல்லை. எழுப்புவதைத் தவிர்த்து ஆவிகளைச் சாந்தப்படுத்துவது, பிற நெக்ரோமேன்சர்களின் வேலையைக் கலைப்பது என்று இலக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: குழுவில் கெலம்வோரை வணங்கும் கிளெரிக் இருக்கிறார். சண்டை வராமல் இருக்குமா?

ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் உலகில் கெலம்வோர் இறந்தோருக்கான தெய்வம். அவருடைய அடியார்கள் எழுந்து நடக்கும் பிணங்களை ஒழிப்பதைக் கடமையாகக் கொண்டவர்கள். போதாததற்கு, கிளெரிக்கின் டர்ன் அண்டெட் ஆற்றல் 30 அடிக்குள் இருக்கும் உங்கள் எலும்புக்கூடுகளையும் எதிரியின் எலும்புக்கூடுகளையும் வேறுபடுத்திப் பார்க்காது. ஐந்தாம் லெவலிலிருந்து அது அவற்றை விரட்டுவதோடு நில்லாமல் அழித்தும்விடும். ஆகச் சண்டை வரும், அது பாத்திரங்களுக்கு இடையே நின்றுவிட்டால் நல்லது. முதல் அமர்வுக்கு முன்பே அந்த ஆட்டக்காரருடன் உட்கார்ந்து பேசி, உங்கள் பாத்திரம் எழுப்பும் ஒவ்வொரு உடலுக்கும் கடைசியில் அடக்கச் சடங்கு செய்யும் உரிமையை அவருடைய பாத்திரத்துக்குக் கொடுத்துவிடுங்கள். அவரவர் தெய்வத்துக்கும் மனசாட்சிக்கும் கணக்குச் சொல்ல ஆளுக்கொரு பங்கு கிடைத்துவிடும்.

கேள்வி: என் பாத்திரத்தின் பணி முடிய இருநூறு ஆண்டுகளாவது ஆகும். நல்லவராக இருந்துகொண்டே லிச் (சாவைத் தள்ளிவைக்கத் தன்னையே இறவாப் பிணமாக்கிக்கொண்ட மந்திரவாதி) ஆகலாமா?

ஐந்தாம் பதிப்பின் லிச், தன் உயிரை அடைத்து வைத்திருக்கும் கலத்துக்குப் பிறருடைய ஆன்மாக்களை இரையாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒரு விதியே உங்கள் கேள்விக்கு விடை. ஃபர்காட்டன் ரெல்ம்ஸில் தம் குலத்தைக் காக்கச் சாவைத் தள்ளிவைத்த பெயல்நார்ன் என்ற எல்ஃப் லிச்சுகள் உண்டு, எபெரான் என்ற மற்றோர் ஆட்ட உலகில் இறந்த முன்னோர்களே அமர்ந்திருக்கும் அண்டையிங் கோர்ட் உண்டு. ஆனால் இரண்டுமே எல்ஃப் சமூகங்களின் மரபோடு பிணைந்தவை, தனியாள் ஒருவர் தம் விருப்பத்துக்கு எடுத்துக்கொள்ளக்கூடியவை அல்ல.

நேர்வழி பதினைந்தாம் லெவலில் கிடைக்கும் குளோன் மந்திரம், அதுவும் நெக்ரோமேன்சிதான். பாத்திரத்தின் சொந்தச் சதையில் ஒரு துண்டு, 1,000 பொற்காசு மதிப்புள்ள வைரம், 2,000 பொற்காசு மதிப்புள்ள கலம், 120 நாள் காத்திருப்பு. இளமையான உடலாகவே வளர்த்துக்கொள்ளலாம், மூல உடல் இறந்ததும் ஆன்மா அதற்குள் வந்துவிடும். யாருடைய உயிரும் விலையாகக் கேட்கப்படுவதில்லை. அந்தக் கலத்தை எங்கே ஒளித்து வைப்பது, யாரிடம் அதன் இருப்பிடத்தைச் சொல்வது என்பதை நடத்துநருக்கு மட்டும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.