குண்டு விழுந்த ஊர்

கேள்வி: தேவனாம்பட்டினம் கோட்டை முள்ளும் புதருமாகக் கிடக்கிறது. பக்கத்திலேயே புதுச்சேரி பழைய கட்டடங்களை வைத்துப் பேர் வாங்குகிறது. வெளியூர்க்காரர் வந்தால் நாம் வெள்ளிக் கடற்கரையைக் காட்டிவிட்டு, சிப்காட் தொழிற்பேட்டையின் நாற்றம் மூக்கில் ஏறுவதற்குள் அனுப்பிவைக்க வேண்டியிருக்கிறது. கோட்டையைச் சீர்செய்து பூங்கா அமைத்தால் கடலூருக்கும் பெருமை வராதா? (வாசகர், மஞ்சக்குப்பம்)

பதில்: கோட்டையைக் காக்க வேண்டும் என்பதில் நான் உங்கள் பக்கம். பெருமை இனிமேல்தான் வர வேண்டும் என்கிறீர்களே, அதை ஏற்க மாட்டேன்.

1690-இல் ஆங்கிலேயக் கும்பினி இந்தக் கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போகிறதோ, அதற்குள் அடங்கும் ஊர்களெல்லாம் கும்பினிக்கு என்பது ஒப்பந்தம். சுட்டார்கள். குண்டு விழுந்த இடம் எல்லையானது. உள்ளே அகப்பட்டவை குண்டு கிராமங்கள். வயலில் நின்றவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் ஒருவனுக்குக் குடி, மாலையில் இன்னொருவனுக்குக் குடி. குண்டு உப்பலவாடி என்று இன்றும் சொல்கிறோம். அந்தப் பெயரைவிட உறுதியான கல்வெட்டு எந்தக் கோட்டைச் சுவரிலும் கிடைக்காது. அந்த ஊர் எல்லையில் இந்தக் கதையைச் சொல்ல ஒரு பலகை வைக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

புதுச்சேரியோடு ஒப்பிடுகிறீர்கள். 1746-இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது கும்பினியின் தலைமையிடம் தேவனாம்பட்டினத்துக்கு வந்தது. 1752 வரை இங்கேதான் இருந்தது. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி புதுச்சேரியிலிருந்து படையோடு வந்து கோட்டையைப் பிடித்து இடித்தார். 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். நீங்கள் ஏக்கத்தோடு பார்க்கும் தெருக்கள் அதன் பிறகு எழுந்தவை. அவர்கள் திரும்பக் கட்டிக்கொண்டார்கள், நம் கோட்டை இடிந்தபடியே நின்றுவிட்டது. 1783 ஜூனில் கடலூருக்காக மறுபடி தரையிலும் கடலிலும் சண்டை. ஐரோப்பாவில் சமாதானத்துக்கு ஜனவரியிலேயே கையெழுத்தாகியிருந்தது. செய்தி வந்து சேராததால் இங்கே மனிதர்கள் செத்தார்கள். சீர்செய்த கோட்டையில் இதைச் சொல்லாமல் ஊஞ்சலும் நீரூற்றும் வைப்பதானால் புதரே இருக்கட்டும்.

கோட்டை ஏன் இந்த இடத்தில் எழுந்தது? கெடிலம் கடலில் சேரும் முகத்துவாரம் இங்கே இருப்பதால்தான். முதுநகர்த் துறைமுகம் உப்பனாற்றை நம்பி வளர்ந்தது. தொழிற்சாலைகளும் அந்த உப்பனாற்றங்கரைக்குத்தான் வந்தன. கோட்டை, துறைமுகம், சிப்காட், மூன்றும் இந்தத் தண்ணீரைத் தேடி வந்தவை. இதில் ஒன்றை மட்டும் எடுத்துப் பூங்காவாக்கிவிட்டு மற்றதை மூடிவைக்க முடியாது. அந்த நாற்றம் உங்கள் விருந்தாளிக்கு ஒரு நாள் சங்கடம். சிப்காட்டை ஒட்டிய குடிகாட்டிலும் ஈச்சங்காட்டிலும் இருப்பவர்கள் அதையே மூச்சாக இழுக்கிறார்கள். உங்கள் கேள்வியில் அவர்கள் இல்லை. எனக்கு வருத்தம் தந்தது அதுதான்.

பூங்கா என்றதும் இன்னொரு பயம். ஆற்றோரத்துக் கண்டல் செடிகளை, அதாவது சுரபுன்னை போன்ற அலையாத்திச் செடிகளை, வெட்டிவிட்டு சிமெண்டுத் தரை போடுவார்கள். 2004 டிசம்பர் 26-இல் தேவனாம்பட்டினம் எத்தனை பேரைக் கடலுக்குக் கொடுத்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே மாவட்டத்தில் பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் அலையின் வேகம் அடங்கியிருந்தது. முகத்துவாரத்தில் ஒரு செடிகூடப் போகக் கூடாது.

மாநகராட்சிக்கு மனு எழுதுங்கள். முதல் வரியில் கோட்டை இருக்கட்டும், இரண்டாம் வரியில் உப்பனாற்றில் கழிவு விடுவதை நிறுத்தச் சொல்லுங்கள், மூன்றாவதாகக் கண்டல் செடிகள். எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். என் கையெழுத்தையும் போட்டு இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறேன்.